மாணிக்கராஜ் ஓட்டிய லேசர் லொறி

பண்டாரவளையிலிருந்து மலையிறங்கிக் கொழும்புக்குப் போகிற லொறி டிரைவர்களில், பின்னால் வருகிறவர்களிடம் மாணிக்கராஜ் அளவுக்கு ஏச்சு வாங்கியவர் வேறு யாரும் இருக்க முடியாது. பஸ்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கமாட்டான். முச்சக்கரவண்டிக்காரன்கூட முந்திப் போய், திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான். மாணிக்கராஜ் ஓரமாக ஒதுங்கி, கையை வெளியே நீட்டி 'போங்க, போங்க' என்று காட்டிவிட்டு, பழையபடி மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றரில் ஊர்ந்துகொண்டிருப்பார். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தால் ஏசியவர்களில் பாதிப் பேர் சிரித்திருப்பார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கான தடவை மின்னிவிடக்கூடிய லேசர் இயந்திரம் ஒன்றைத்தான் அவர் அப்படி நத்தை வேகத்தில் கொண்டுபோய்க்கொண்டிருப்பார்.

பண்டாரவளைக்கு வெளியே, பைனஸ் மரங்களுக்கு நடுவில், மூடிக்கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அந்த லேசர்களைச் செய்தார்கள். பதுளை புடவைக்கடைக் குடும்பத்துப் பிள்ளையான புவாத், வெளிநாட்டில் படித்து, அங்கேயே பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்த கம்பெனி. மொத்தம் இருபத்தாறு பேர். வருஷத்துக்கு ஒன்பது பத்து இயந்திரம் போனால் பெரிய காரியம். சில ஆராய்ச்சிக்கூடங்களுக்கும், சில நுணுக்கமான சாமான் வெட்டும் தொழிற்சாலைகளுக்கும் போகும். ஊர்க்காரர்களுக்கு அது 'லைட் பெக்டரி'. பல்பு செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் பியூஸ் போன பல்பைக் கொண்டுவந்து வாசல் காவல்காரரிடம் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு.

மாணிக்கராஜும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்திருந்தார். அவருக்கு விளங்கவைத்தது நிலக்ஷனா. பசறைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. பதுளையில் பௌதிகவியல் படித்துவிட்டு வந்து, லேசருக்குள்ளே கண்ணாடிகளைச் சரிபார்த்து நிறுத்துகிற வேலையில் இருந்தாள். இருபத்தேழு வயது. ஒரு நாள் கன்டீனில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது மாணிக்கராஜ் வாய்விட்டுக் கேட்டார்.

"மிஸ், அப்படி என்னதான் இருக்கு அந்தப் பெட்டிக்குள்ள?"

"ஒரு செக்கன ஆயிரமா வெட்டுங்க அங்கிள்."

"சரி, வெட்டியாச்சு."

"அதுல ஒரு துண்ட எடுத்து ஆயிரமா வெட்டுங்க. அதுல ஒண்ண எடுத்துத் திரும்ப ஆயிரமா. இப்படியே அஞ்சு தடவ. கடைசியில வர்ற தூசித் துண்டுல ஒரு எரநூறு சேத்தா எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரந்தான் நம்ம லைட் ஒரு தடவ மின்னும்."

"அதுக்குள்ள அது என்னத்தக் கிழிச்சிரும்?"

நிலக்ஷனா சிரித்தாள். "கிழிக்கிறதுதான் அதோட வேலையே. சூடு பக்கத்துல பரவுறதுக்கு முந்தி வெட்டு முடிஞ்சிரும். கண்ணாடிய வெட்டினாலும் வெடிக்காது. இருதயத்துக் குழாய்க்குள்ள வைக்கிறாங்களே சின்ன வலை, அதக்கூட இப்படித்தான் வெட்டுறாங்க. ஆனா உள்ள ஒரு கண்ணாடி தலைமயிர் அளவு நகந்தாலும் போச்சு. எல்லாம் கெட்டுரும்."

கடைசியாகச் சொன்னது மட்டும் மாணிக்கராஜுக்கு உடனே விளங்கியது. குலுங்கக்கூடாத சுமை எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில் தோட்டத்து லொறி அவர் கைக்கு வந்தது. பகலில் கொழுந்து மூட்டை, மாதம் ஒருமுறை அரிசி மா, மற்ற நேரமெல்லாம் நோயாளி. தோட்டத்துக்கு அம்புலன்ஸ் கிடையாது. பிள்ளைத்தாச்சிகளைக் கொழுந்துச் சாக்கின்மேல் படுக்கவைத்து, மேலே தார்ப்பாயைப் போட்டுக்கொண்டு, கல்லும் குழியுமான தோட்டத்து ரோட்டில் இறங்கிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். மாணிக்கராஜ் நல்ல டிரைவர் என்று பேர் எடுத்திருந்தார். அந்த நாளில் நல்ல டிரைவர் என்றால் வேகமாகப் போகிறவர்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆடி மாதம் அதே சாக்கின்மேல் அவர் மனைவி சூசையம்மா படுத்திருந்தாள். எட்டு மாதம் நிறைந்திருந்தது. இரண்டு நாளாகப் பிள்ளை அசையவில்லை என்று அன்று காலையில்தான் வாய்திறந்து சொன்னாள். மாணிக்கராஜ் அன்றைக்கு ஓட்டியதைப்போல வாழ்நாளில் ஓட்டியதில்லை. அத்தனை வேகமாகப் போயும் பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை.

ஆஸ்பத்திரியில் இருந்த சிங்கள டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் அவர் தோளைப் பிடித்துச் சொன்னார். "பிள்ளை நேத்தே போயிட்டது. உங்க பிழை இல்லை." ஆனால் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி, "அந்தக் குலுக்குக் குலுக்கினா எந்தப் பிள்ளதான் தங்கும்" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. டொக்டர் சொன்னது காதோடு நின்றுவிட்டது. கிழவி சொன்னது உள்ளே போய்த் தைத்துவிட்டது. அவர்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளையும் இல்லை.

அதிலிருந்துதான் மாணிக்கராஜ் மெதுவாக ஓட்டத் தொடங்கினார். ஒவ்வொரு குழியையும் மனப்பாடம் செய்தார். கிளச்சை விடும்போது லொறி நகர்ந்ததே தெரியக்கூடாது, பிரேக் பிடிக்கும்போது நின்றதே தெரியக்கூடாது. தோட்டத்துப் பெண்கள் மாணிக்கம் அண்ணன் லொறி என்றால் பயமில்லாமல் ஏறினார்கள். பதினாறு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு தோட்டக் கம்பெனி அந்த லொறியை விற்றது. அவர் எல்லவில் வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போகும் வேன் ஒன்றை ஓட்டப் போனார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, வேன் முதலாளி கூப்பிட்டு, "நீ ஓட்டுறது வேனா, சப்பரமா? தேர் இழுக்க ஆள் வேணும்னா கோயில்ல போய்க் கேளு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தக் கதை எப்படியோ கை மாறி, வாய் மாறி, புவாத்தின் காதுக்கு எட்டியது. அவர் அப்போது டிரைவர் தேடிக்கொண்டிருந்தார். குலுக்கலைப் பதிகிற ஒரு சின்னக் கருவியை லொறியில் வைத்து, நாலு பேரை ஹப்புத்தளைக்குப் போய்வரச் சொன்னார். மூன்று பேருடைய கோடும் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கியிருந்தது. மாணிக்கராஜின் கோட்டைப் பார்த்துவிட்டுப் புவாத், "கருவி ஓஃப் ஆகிக் கிடந்திச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அன்றே வேலை கொடுத்தார்.

முதல் இரண்டு பயணத்துக்குப் பிறகு மாணிக்கராஜ் தானே ஒரு யோசனை சொன்னார். லொறிக்குள் தரையில் பெட்டியை வைப்பது சரியில்லை என்று டிரக்டர் டியூப் நாலை அரைக்காற்றில் நிரப்பி, அதற்குமேல் பழைய ஜீப்பின் வில்லுப்பட்டைகளைப் பூட்டி, அதன்மேல் பலகையும் தும்பு மெத்தையுமாக ஒரு மேடை கட்டினார். நிலக்ஷனா அதன்மேல் கருவியை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இது நம்ம லேப் மேசையவிட நல்லாருக்கே" என்றாள். பெக்டரியில் எல்லாரும் அதை 'மெத்தை' என்றே சொன்னார்கள்.

போன வருஷம் ஐப்பசி கடைசியில் ஒரு காலைநேரம். ஜப்பானில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகவேண்டிய இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு மாணிக்கராஜ் புறப்பட்டார். நிலக்ஷனாவும் கூட வந்தாள். எட்டு வாரம் தனியாக உட்கார்ந்து அவள் முழுசாகச் சரிபார்த்து முடித்த முதல் இயந்திரம் அது. விமானத்தில் ஏறுகிறவரைக்கும் கண்ணால் பார்க்கவேண்டும் என்றிருந்தாள். ஒரு இலையில் வெயில் பட்ட அடுத்த கணம் உள்ளே என்ன நடக்கிறது என்று ஜப்பான்காரர்கள் அதை வைத்துப் பார்க்கப்போகிறார்களாம்.

"எலையப் பாக்கவா?" என்றார் மாணிக்கராஜ். "அதுக்கு இவ்வளவு தூரமா? நம்ம தோட்டத்துக்கு வந்தா எத்தன எலை வேணும்?"

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஹல்துமுல்லை கடந்து சற்றுத் தூரத்தில் வாகனங்கள் நீளமாக நின்றன. மேட்டிலிருந்து மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெட்டியெடுக்க மூன்று நாலு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். மாணிக்கராஜ் லொறியைப் பின்னுக்கு எடுத்து, றம்ஸியா என்ற பெண் நடத்திய தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், வெளியே இருந்த வெறுந்தரையில் நிறுத்தினார்.

கால்மணி நேரம் போயிருக்காது. மேலே தோட்டத்து ரோட்டிலிருந்து ஒரு முச்சக்கரவண்டி இறங்கி வந்து நின்றது. உள்ளே ஒரு இளம்பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமியார். முன்னால் டிரைவரோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்த மருத்துவிச்சி குதித்து இறங்கி போனில் கத்தினாள்.

"நான் ஜெயலெட்சுமி பேசுறேன்! அம்புலன்ஸ் எங்க? ...மண்ணுக்கு அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் நின்னு நான் என்னங்க செய்ய?"

இந்தப் பக்கத்து அம்புலன்ஸ் வேறொரு மண்சரிவுக்குப் போயிருந்தது. வரிசையில் நின்றவர்கள் இறங்கி வந்து கூடினார்கள். ஒரு காரை எடுக்கலாம் என்றார் ஒருவர், வேன் இருக்கிறது என்றார் இன்னொருவர். ஜெயலெட்சுமி தலையை ஆட்டினாள்.

"நஞ்சுக்கொடி கீழ எறங்கி இருக்குங்க. இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கச் சொல்லியிருந்தாங்க. அதுக்குள்ள ரத்தம் போக ஆரம்பிச்சிருச்சு. இவ்வளவு தூரம் வந்ததே குலுங்கிக் குலுங்கித்தான். இனி மல்லாக்கப் படுக்கவச்சு, ஆடாம அசையாம தியத்தலாவைக்குக் கொண்டு போவணும். உக்காத்தி வச்சுக் கொண்டுபோனா ரெண்டு உசுரும் எங்கையில நிக்காது."

மாணிக்கராஜ் கையிலிருந்த கோப்பையைக் கடை வாங்குப் பலகைமேல் வைத்தார். நிலக்ஷனாவைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நம்ம மெத்த இருக்கு."

"அதுல லேசர் இருக்கே அங்கிள்."

"எறக்கினா?"

அவள் உடனே புவாத்துக்கு போன் எடுத்தாள். சிக்னல் இல்லை. கடை வாசலுக்கு ஓடிப்போய் எடுத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. விமான நிலையத்தில் அல்லாமல் வேறு எங்கேயும் பெட்டி லொறியைவிட்டு இறங்கக்கூடாது என்பது கம்பெனியின் முதல் சட்டம். அதை எழுதிய கடுதாசியில் அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒருமுறை அந்த முச்சக்கரவண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எறக்குங்க அங்கிள். நான் இதுகூட இங்க இருக்கேன். நீங்க போங்க."

பெட்டி நூற்றுப்பத்துக் கிலோ. மண் வெட்ட வந்த இரண்டு பேர், ஒரு பஸ் கொண்டக்டர், காரில் வந்த இரண்டு பேர், முச்சக்கரவண்டிக்காரன் என்று ஆறு பேர் கூடினார்கள். மாணிக்கராஜ் அவர்களிடம், "தம்பிமாரே, மாதா சுரூபத்தத் தோள்ல வச்சுத் தூக்குற மாதிரி தூக்கணும். எல்லாரும் ஒரே அடியா வைக்கணும்" என்றார். அவர்களில் நாலு பேர் சிங்களவர்கள். ஆனாலும் என்ன சொல்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்கள். கடைக்குள் நுழைகிற இடத்தில் மட்டும் ஈரச் சீமெந்தில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கம் சரிந்து, மற்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள். நிலக்ஷனா வாயைப் பொத்திக்கொண்டாள். றம்ஸியா கடையில் இருந்த பாய் தலையணையெல்லாம் கொண்டுவந்து கீழே பரப்பினாள்.

மெத்தையில் பெண்ணைப் படுக்கவைத்தார்கள். மருத்துவிச்சியும் மாமியாரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். மாணிக்கராஜ் லொறியைத் திருப்பி, வந்த வழியே மேல்நோக்கி எடுத்தார். பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதன் வழியாகக் குரல் கேட்கும்.

"நல்லாருக்கா?" என்று கேட்டார்.

"ஆட்டமே தெரியலண்ணே. இப்படியே போங்க" என்றாள் ஜெயலெட்சுமி.

பெரகலைச் சந்திவரைக்கும் அப்படியே போனார். ஹப்புத்தளை ஏற்றத்தில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. பாதி ஏறியிருப்பார், ஜன்னலில் படபடவென்று தட்டும் சத்தம்.

"அண்ணே! பிரஷர் எறங்குது. புள்ள மயங்குறா. இனி மெதுவா போவ ஏலாது. வேகமா போங்கண்ணே!"

மாணிக்கராஜின் கால் நகரவில்லை. அப்படித்தான் அவர் பிறகு சொன்னார். மிதிக்கவேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது, கால் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷமாக ஒரு வேகத்துக்கு மேல் போகாத கால். கண் முன்னால் லுணுகலைத் தோட்டத்து ரோடுதான் நின்றது. பின்னால் மாமியார் "மாரியாத்தா, மாரியாத்தா" என்று அரற்றுகிற சத்தம் கேட்டது. ஜெயலெட்சுமி மறுபடியும் தட்டினாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. கிட்டத்தட்ட கெஞ்சினாள்.

"அண்ணே, உங்களால முடியும். போங்க."

அவர் மிதித்தார். லொறி உறுமிக்கொண்டு ஏறியது. மூடுபனிக்குள் பத்து அடிக்கு மேல் தெரியவில்லை. ஆனால் அந்த ரோட்டில் எத்தனையாவது வளைவில் குழி இருக்கிறது, எந்த மதகுக்குப் பக்கத்தில் தார் பெயர்ந்திருக்கிறது என்று அவருக்குக் கை ரேகைபோலத் தெரியும். மெதுவாகப் போவதற்காகப் படித்து வைத்த ரோடு, வேகமாகப் போகவும் உதவியது. இடதில் ஒடித்தார், வலதில் ஒடித்தார். ஒரு குழியிலும் சக்கரம் இறங்கவில்லை. ஹப்புத்தளை டவுனுக்குள் ஹோர்னில் கையை வைத்தவர் தியத்தலாவை ஆஸ்பத்திரி வாசலில்தான் எடுத்தார்.

தள்ளுவண்டியில் பெண்ணை ஓட்டமாகக் கொண்டுபோனார்கள். மாணிக்கராஜ் வெளியே சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தார். செபம் சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனபிறகு ஜெயலெட்சுமி வந்தாள். சேலை முழுக்க ரத்தக்கறை. முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"பொம்பளப் புள்ளண்ணே. ரெண்டே கால் கிலோ. தாய்க்கு ரத்தம் ஏத்துறாங்க. ரெண்டு பேரும் தப்பிச்சிட்டாங்கன்னு டொக்டர் சொல்லிட்டாரு."

மாணிக்கராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு குழாயடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வந்து மெத்தையைக் கழுவினார். திரும்பி ஹல்துமுல்லைக்கு இறங்கினார், பழைய வேகத்தில்.

நிலக்ஷனா பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கடைக் கூரை ஓரிடத்தில் ஒழுகியது. அந்த இடத்துக்கு நேராகக் குடையைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போயிருந்தது. மத்தியானத்துக்கு றம்ஸியா ஊட்டாத குறையாகச் சோறு கொடுத்திருந்தாள். லொறி வந்து நின்றதும் நிலக்ஷனா ஓடி வந்தாள்.

"என்னாச்சு அங்கிள்?"

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

றம்ஸியா உள்ளே இருந்தபடியே "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நிலக்ஷனா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பெட்டியின் மறுபக்கத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். பெட்டியில் ஒட்டியிருந்த இரண்டு வில்லைகளில் ஒன்று சிவந்திருந்தது. பெட்டி சரிந்தால் சிவக்கிற வில்லை. சிவந்தது திரும்ப வெளுக்காது.

"இனி இத அனுப்ப ஏலாது" என்றாள். "திருப்பிக் கொண்டுபோய்த் தெறந்து பாக்கணும்."

அன்று மாலை வீட்டில் மாணிக்கராஜ் சாப்பிடவில்லை. சூசையம்மா இடியப்பத்தட்டை முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். ஹப்புத்தளை ஏற்றத்தில் கால் நகராமல் நின்ற இடம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கு உன்ன அப்படிக் குலுக்கிக் கொண்டுபோனேனே சூச. அந்தப் பாவந்தான் காலப் பிடிச்சு இழுத்துச்சு."

அந்தப் பேச்சை அவர்கள் இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

"எனக்குக் குலுக்கினதே ஞாபகமில்ல" என்றாள். "தார்ப்பாய் ஓட்டையால உங்க தலைப் பின்பக்கம் தெரிஞ்சுச்சு. வழி நெடுக அதத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். இவரு இருக்காரு, நமக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். புள்ள முந்தின நாளே போயிருச்சுங்க. எனக்கே தெரியும். பயத்துல சொல்லாம இருந்தது நானு. நீங்க என்னைக்குத்தான் என்னக் கேட்டீங்க?"

மாணிக்கராஜ் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இடியப்பம் ஆறிப்போயிற்று. அவள் சொதியைத் திரும்பச் சூடாக்கி ஊற்றிக்கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் புவாத் இருவரையும் கூப்பிட்டார். முதலில் தாயையும் பிள்ளையையும் விசாரித்தார். பிறகு மேசையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்துக் கொடுத்தார். எச்சரிக்கைக் கடிதம்.

"மாணிக்கண்ணே, நான் அங்க இருந்திருந்தா நானும் எறக்கத்தான் சொல்லியிருப்பேன். ஆனா கடுதாசி கடுதாசிதான். இன்னைக்கு இத எழுதாம விட்டா, நாளைக்கு ஒருத்தன் தேத்தண்ணி குடிக்கப் பெட்டிய எறக்கி வைப்பான்."

"நியாயந்தான் சேர்" என்றார் மாணிக்கராஜ். உண்மையிலேயே அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புவாத் ஜப்பானுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதினார். நிலக்ஷனா பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு கண்ணாடி இம்மியளவு நகர்ந்திருந்தது. அந்த இம்மியளவில் வெளிச்சத்தின் மின்னல் இரண்டு மடங்கு நீண்டுபோயிருந்தது. அதைப் பழையபடி நிறுத்த அவளுக்கு ஆறு நாள் பிடித்தது. அந்த ஆறு நாளும் மாணிக்கராஜ் காலையில் வந்ததும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவளைப் பார்த்துக் கையால் 'எப்படி?' என்று கேட்பார். ஐந்து நாள் அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஆறாம் நாள் பெருவிரலை உயர்த்தினாள். இயந்திரம் பன்னிரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஜப்பான்காரர்கள் ஒரு வரி குறை சொல்லவில்லை. பெண் பிள்ளை சுகமா என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தார்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் பதிலில்லாமல் போயிற்று. மாணிக்கராஜ் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

"பேரு கேக்கலியா?" சூசையம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அவ்வளவு தூரம் கொண்டுபோய், பேரக் கேக்காம வந்தீங்களாக்கும்! நல்ல மனுசன்!"

ஜெயலெட்சுமி என்ற பெயர் மட்டும் அவருக்கு ஞாபகமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஏறி ஹல்துமுல்லைக்குப் போனார்கள். சூசையம்மாவின் பையில் பேபி சோப், ஒரு சின்ன மஞ்சள் சட்டை, தாய்க்குப் பத்தியக் கறி வைக்கச் சரக்குத் தூள், ஒரு போத்தல் நல்லெண்ணெய். றம்ஸியாவிடம் விசாரித்து, தோட்டத்து ரோட்டில் கொஞ்சத் தூரம் ஏறி, அவர்கள் குடியிருந்த லயத்தைக் கண்டுபிடித்தார்கள். பெண்ணின் பெயர் ஷிரோமி. புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, பிள்ளையைப் பார்த்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பிப் போயிருந்தான். மாமியார் மாணிக்கராஜைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, உள்ளே ஓடிப் பாயை விரித்தாள்.

ஷிரோமி இன்னும் வெளுத்துத்தான் இருந்தாள். "வாங்கய்யா, உள்ள வாங்க" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். சூசையம்மா அவளைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தாள். ஷிரோமி துணியில் சுற்றிய பிள்ளையை எடுத்து நேராக அவள் மடியில் வைத்தாள்.

சூசையம்மா பிறந்த பிள்ளை இருக்கிற வீடுகளுக்குப் போவதில்லை. போனாலும் வாசலில் நின்று விசாரித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று திரும்பிவிடுவாள். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். இப்போது அவள் மடியைச் சேர்த்து, தலைக்குக் கை கொடுத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கண்ணைத் திறக்காமலே கொட்டாவி விட்டது. அதன் நெற்றியில் ஒட்டியிருந்த மையை அவள் விரல்நுனியால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"என்ன பேரு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் வைக்கலம்மா. அவங்கப்பா தைப்பொங்கலுக்கு வருவாரு, அப்பத்தான்."

மாமியார் தேத்தண்ணி கொடுத்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழே மெயின் ரோட்டில் மேல்நோக்கிப் போகிற பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்டது. மாணிக்கராஜ் குடையை எடுத்தார்.

"பஸ் வந்திருச்சு சூச. கெளம்பலாமா?"

"அடுத்ததுல போவம்" என்றாள் அவள், பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அரைமணி நேரத்தில் அடுத்ததும் வந்து, நின்று, போயிற்று. மாணிக்கராஜ் குடையை மறுபடியும் கதவு மூலையில் சாத்திவிட்டு, மாமியார் நீட்டிய இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, சூசையம்மாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.